தலைகீழ்ப் பூ வீடு

என் தங்கை நஸ்ஹா படம் வரைகிறவள், ஆனால் முகம் கீறமாட்டாள். மற்ற எல்லாவற்றையும் கீறுவாள். ஒரு பெண்ணின் சால்வை ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அந்த நூலைக் கீறுவாள். வாவிக்குள் வீசிய சொப்பிங் பேக்கையும், அதற்குள் தேங்கிய தண்ணீரையும், தண்ணீரில் செத்துக் கிடக்கிற நுளம்பையும் கீறுவாள். கழுத்துக்கு மேலே வந்ததும் பேனை நின்றுவிடும். உயிருள்ளதின் முகத்தைக் கீறுவது கூடாது என்று அவள் தானாகவே எடுத்துக்கொண்ட முடிவு அது, யாரும் வற்புறுத்தவில்லை. அதனால் அவளுடைய படங்களில் எல்லாருக்கும் முகம் இருக்கிற இடத்தில் அவித்த முட்டை மாதிரி வெறும் வெள்ளை.

அவள் யாரிடமும் படிக்கவில்லை. பெருநாளுக்கு அயல் பிள்ளைகளின் கையில் மருதோண்டி போட்டுப் போட்டுப் பழகிய கை. பிறகு கறுப்பு ஜெல் பேனையும் பிறிஸ்டல் போட் அட்டையும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு மேல் தட்டில் தகரம் போட்ட அறைக்குள் ஏறினாள். கொஞ்ச நாள் பூவும் கொடியும். பிறகு ஆற்றங்கரையில் ஐஸ் போதை அடித்துவிட்டுச் சுருண்டு கிடந்த ஒருவனைக் கீறினாள். அதற்குப் பிறகு விமான நிலையத்தில் பேக்கைக் கட்டிப்பிடித்து நிற்கிற பெண்கள், குப்பையைக் கொட்டி நிரப்புகிற வாவி, சீதன வீடு கட்டிக் கட்டியே கூன் விழுந்த வாப்பாமார். காத்தான்குடியில் பிரச்சினைக்குப் பஞ்சமில்லை, ஆகவே என் தங்கைக்கும் ஓய்வில்லை.

ஒரே ஒரு குறை, அவளுக்குக் கற்பனை வராது. கண்ணால் காணாததைக் கீற அவளால் ஏலாது. ஒரு கதவு வேண்டுமென்றால் எழும்பிப்போய் எங்கேயாவது ஒரு கதவைப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்ததைப் பார்த்தபடிதான் கீறுவாள், ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றமாட்டாள்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. இந்த வீடு வாப்பா கட்டி, மூத்தவள் என்று எனக்குச் சீதனமாகத் தந்தது. உம்மாவும் நஸ்ஹாவும் பின் வளவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். தெரு ஜன்னலுக்கு வாப்பா பூ வைத்த கிறில் செய்வித்தார், வரிசையாகக் கூம்பிய இரும்புப் பூக்கள். வெல்டிங்காரர் ஒரு பூவைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். கழற்றித் திருப்பி ஒட்ட அவர் வந்தபோது வாப்பா விடவில்லை.

"கெடக்கட்டும். கண்ணூறு படாது" என்றார்.

புது வீட்டில் ஒரு குறை தெரியவேண்டும், பொறாமைக் கண் அதில் தட்டுப்பட்டு நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார், பூ இருக்கிறது. ஓட்டோக்காரர்களுக்குத் தெரு இலக்கம் தேவையில்லை. தலைகீழ்ப் பூ வீடு என்றால் கொண்டுவந்து இறக்குவார்கள்.

என் கணவர் றிப்ஷான் ஏறாவூர்க்காரர். கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். மெயின் வீதியில் துணிக்கடை. அவருக்குக் கோபம் வந்தால் தேத்தண்ணி வேண்டாம் என்பார், அதுதான் அவருடைய ஆகப்பெரிய சண்டை. கரப்பான் பூச்சியை அடிக்கமாட்டார், தும்புத்தடியால் தள்ளித் தள்ளி வாசல் மட்டும் கொண்டுபோய் விடுவார். நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு பெண்கள் அமைப்பு நஸ்ஹாவின் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. கல்லடிப் பாலத்தைத் தாண்டி நாங்கள் எல்லாரும் வேனில் போனோம். நடுச் சுவரில் அவளுடைய புதுப் படம், எல்லாவற்றிலும் பெரியது. அதுவரை எங்களுக்குக்கூட அவள் அதைக் காட்டவில்லை. ஒரு பெண் நிலத்தில் விழுந்து கிடக்கிறாள். ஒரு ஆணின் கை அவளுடைய முடியை முறுக்கிச் சுற்றிப் பிடித்திருக்கிறது. அந்தக் கையின் நரம்பு, மணிக்கூட்டுப் பட்டி, பெருவிரல் நகத்தில் நடுவாலே ஒரு பிளவு, எல்லாம் புள்ளி புள்ளியாக. இரண்டு பேருக்கும் முகம் வெள்ளை. பின்னால் ஜன்னல். ஜன்னலில் பூக் கிறில். அதில் ஒரு பூ தலைகீழ்.

நான் முதலில் கண்டது பூவைத்தான். "இஞ்ச பாருங்க, எங்கட ஜன்னல்!" என்று கத்தினேன். றிப்ஷான் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வாப்பாவின் பூ டவுன் வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை. படத்தைப் போனில் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டதும் நான்தான். அதற்குக் கீழே முதலாவதாக மாஷா அல்லாஹ் என்று எழுதியது என் கணவர்.

அடுத்த நாள் அது எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. எங்கேயோ கிடந்தவர்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அழுகிற பொம்மை போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பூவைப் பார்த்தார்கள்.

மீன் வாங்கப் போனபோது ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, "சோதனை எல்லாருக்கும் வாறதுதான்" என்றாள். என்ன சோதனை என்று எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் தெருப் பெண்கள் வந்தார்கள். சும்மா வந்தோம் என்றார்கள். சும்மா வந்தவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"கையக் காட்டுங்க பாப்பம்" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் விளங்கியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கரப்பான் பூச்சிக் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சட்டைக் கையைத் தோள் மட்டும் சுருட்டிக் காட்டினேன், இரண்டு கையையும். ஒரு கீறல் இல்லை.

"வெளிய தெரியாத இடத்துலதான் அடிப்பாங்களாம்."

"அடிபட்ட பொம்புள ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டாவாம். அங்க டவுனுல எழுதி வெச்சிரிந்தாங்களே."

கண்காட்சிச் சுவரில் எழுதி வைத்திருந்தது உண்மைதான். நானும் வாசித்தேன், நல்ல வசனம் என்று நினைத்தேன். இப்போது நான் இல்லை என்று சொல்லச் சொல்ல ஓம் என்று ஆகியது. பேசாமல் இருந்தாலும் ஓம்தான். நஸ்ஹா வேறு எந்த வீட்டுக்குள் போய் இதைக் கண்டிருப்பாள் என்றும் அவர்கள் கேட்டார்கள்.

கடையில் பெண்கள் றிப்ஷானிடம் துணி வெட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். வேலைக்கு நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்பாராம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வேண்டாம் என்றார், மறுநாளும் வேண்டாம் என்றார்.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீரின் வீடு. நஸீரைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஜனாஸா அடக்கம் என்றால் முதல் ஆள். வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாட்டைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போகிறவர். அவர் படத்தைப் பகிர்ந்து, பெண்ணில் கை வைக்கிறவன் ஆம்பிளையே இல்லை, நம் தெருவில் இது நடப்பது வெட்கம் என்று எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட ஆமீன்.

அவருடைய மனைவி அஸ்மியா வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் மாதிரிக் கையைக் காட்டச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினாள்.

"சபூர் செய்ங்க றமீஸா, பொறுங்க. கோவம் வந்தாத்தான் அப்படி. கோவம் ஆறினாத் தங்கமா இரிப்பாங்க. அந்த நேரத்துல வாய் தொறக்காம இரிந்திட்டாச் சரி."

அவளுடைய சட்டைக் கை மணிக்கட்டில் ஊசி குத்தி இறுக்கியிருந்தது. புழுக்கமான நாள். இவளுக்கு இதெல்லாம் எப்படி இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நல்ல மனுஷி என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் மேல் தட்டுக்கு ஏறினேன். நஸ்ஹா புதிதாக ஒரு படத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆர்ர கதை இது?" என்றேன்.

"பொதுவான பிரச்சினை ராத்தா. எல்லா வீட்டுலயும்..."

"நீ காணாம ஒரு பூட்டக்கூடக் கீறமாட்டாய். ஆர்?"

பேனையை மூடினாள். பக்கத்து ஜன்னலைக் காட்டினாள். அதால் பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றடி தெரிகிறது. ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அஸ்மியா குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியக் கையில சுத்திக் கிணத்துக் கட்டோட..." என்று தொடங்கி நிறுத்தினாள். "நான் பாத்ததை அவவும் கண்டுட்டா. பிறகு படியேறி வந்து அழுதா. வெளிய தெரிஞ்சா என்ட மையித்தத்தான் தூக்குவாங்க எண்டா."

"அப்ப என்னத்துக்குக் கீறின?"

"கீறாம இரிக்க ஏலல்ல. அவட கிணத்தடியக் கீறினா எல்லாரும் பிடிச்சிருவாங்க. அதான் எங்கட ஜன்னல வெச்சன். மச்சானப் பத்தி உலகத்துல ஒருத்தரும் அப்படி நினைக்கமாட்டாங்க எண்டு நினைச்சன் ராத்தா."

அவள் நினைத்தது விளங்கியது. ஊரிலேயே சாதுவான மாப்பிள்ளையின் வீட்டில் ஒளித்து வைத்தால் யாரும் தேடமாட்டார்கள். அவளை நம்பினேன். ஆனாலும் எனக்கு ஒன்று பொறுக்கவில்லை.

"அந்தப் பூவையாவது நேராக் கீறியிரிக்கலாமே."

"நேராத்தான் முதல் கீறினன். முடிச்சிட்டுப் பாத்தா பொய் மாதிரி இரிந்திச்சி. பிறகு புது போட் எடுத்துத் திரும்ப முழுசாக் கீறினன்."

ஒரு பூவுக்காக. அந்த முடியை, அந்தக் கையை, அந்த நகத்தை மறுபடி முதலில் இருந்து புள்ளி வைத்திருக்கிறாள். என் குடும்பத்தை ஒரு பக்கத்திலும் ஒரு இரும்புப் பூவை இன்னொரு பக்கத்திலும் வைத்துப் பார்த்து, பூ பொய்யாகத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறாள். அவளுடைய பேனைகளை எல்லாம் அள்ளி வாவிக்குள் எறியவேண்டும் போல இருந்தது. அவள் என் காலைப் பிடித்தாள்.

"ஒருத்தருக்கிட்டயும் சொல்லமாட்டன் எண்டு வல்லாஹி சொல்லிச் சத்தியம் பண்ணுங்க. மச்சானுக்கிட்டயும். அவருக்குத் தெரிஞ்சா நேராப் போய்க் கேட்டிருவார். நஸீர் காக்கா அவவக் கொன்னிருவார்."

ஜன்னலால் பார்த்தேன். அஸ்மியா இடது கையால்தான் சட்டி தேய்த்தாள். வலது கையை மடியில் வைத்திருந்தாள். வல்லாஹி என்றேன்.

நஸ்ஹா பேஸ்புக்கில் இது கற்பனைப் படம், எந்த வீட்டையும் குறிக்காது என்று எழுதினாள். மச்சான்காரன் பக்கத்தில் நின்று எழுத வைத்திருக்கிறான் என்று பதில் வந்தது. அதற்கும் அழுகிற பொம்மைகள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்து தெருப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நஸீர். றிப்ஷான் கதிரை எடுத்துப் போட்டார். நான் அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். நஸீர் நல்ல குரலில், யாரையும் புண்படுத்தாமல் பேசினார்.

"தம்பி, நாங்க ஒங்களக் குத்தம் சொல்ல வரல்ல. கொஞ்ச நாளைக்கு ஒங்கட உம்மாட ஊட்ட போய் நில்லுங்க. மனசு ஆறட்டும். பிறகு நாங்களே கூட்டிவந்து விடுறம்."

"நான் அடிக்கல்ல" என்றார் றிப்ஷான்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி."

எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு இதை விடப் பெரிய அவமானம் கிடையாது. வீடு பெண்ணுடையது. போ என்றால் போகவேண்டியதுதான். அதுவும் நாலு பேர் வந்து போகச் சொன்னால் ஏறாவூரில் அவர் எந்த முகத்தோடு இறங்குவார்? அவர் திரையைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று பார்த்தார்.

"தங்கச்சி, பயப்புடாம சொல்லுங்க. நாங்க இரிக்கம்" என்றார் நஸீர்.

"அவர் என்னில ஒருநாளும் கை வைக்கல்ல" என்றேன்.

ஒருவர் இருமினார். இன்னொருவர் தலையைக் குனிந்து பாவம் என்கிற மாதிரி உச்சுக்கொட்டினார். நஸீர் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினார். அவருடைய பெருவிரல் நகம் நடுவாலே பிளந்திருந்தது.

படத்தில் இருந்த அதே நகம். அதே மணிக்கூட்டுப் பட்டி. ஊர் முழுக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பூவைப் பார்த்தது, கையை ஒருவரும் பார்க்கவில்லை. இந்தக் கையால்தான் நஸீர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார். அவருக்கே தன் கை தெரியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் அந்தக் கோப்பையைத் தட்டிவிடவேண்டும் போல இருந்தது. சட்டி தேய்க்கிற இடது கை நினைவுக்கு வந்தது. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் எழும்பி வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். றிப்ஷான் உள்ளே வந்தார்.

"நீ நஸீர் காக்காட கையையே பாத்துக்கொண்டு நிண்ட. ஒனக்கு என்னமோ தெரியும்."

நான் திரையை இழுத்து மூடினேன்.

"ஆரெண்டு தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு. இப்ப அவங்க வாசல்லதான் நிக்காங்க. கூப்புட்டுச் சொல்லு."

"நஸ்ஹாக்கிட்ட வல்லாஹி சொல்லியிரிக்கன்."

"என்ன விட அவ பெரிசா ஒனக்கு?"

இல்லை என்று சொன்னால் பெயரைச் சொல்லவேண்டும். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் என் மேல்கையைப் பிடித்தார். இவ்வளவு இறுக்கமாக அவருக்குப் பிடிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. உலுக்கினார். "சொல்லு, சொல்லு" என்று உலுக்கி உலுக்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். பிறகு அடித்தார். என் வாய் கிறிலில் இடித்தது. நான் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஜன்னல் திறந்திருந்தது. கேற்றடியில் நின்ற நாலு பேரும் எங்களைப் பார்த்தார்கள். றிப்ஷானின் கை இன்னும் மேலே இருந்தது. யாருடைய கையோ என்பது போல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஓடி வந்தது நஸீர். பாய்ந்து வந்து றிப்ஷானின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார். "பொம்புளையில கை வைக்கிறியா?" என்று கத்தினார். மற்றவர்கள் றிப்ஷானைச் சுற்றிப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. ஒரு ஓட்டோவைக் கூப்பிட்டு, உடுத்த சாரத்தோடு ஏற்றி ஏறாவூருக்கு அனுப்பினார்கள். நஸீர் என்னிடம் வந்து, "தங்கச்சி, இனிப் பயமில்ல" என்றார். நான் அவருடைய நகத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் தெருவில் எல்லாருக்கும் நிம்மதி. சொன்னது சரியாகிவிட்டது. எனக்குச் சோறு வந்தது, கறி வந்தது, சூப் வந்தது. உம்மா ஒரு மூலையில் இருந்து அழுதாள். றிப்ஷானிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. நானாக எடுத்தால் என்ன சொல்லுவேன் என்றும் தெரியவில்லை. அவர் அடித்தது மன்னிக்கக்கூடியது இல்லை. அவரை அடிக்க வைத்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அஸ்மியா வந்தாள். என் உதட்டைப் பார்த்தாள், கையில் நாலு விரலும் பதிந்து நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள். உம்மா குசினிக்குப் போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"என்ட பேரச் சொல்லல்லையே?"

நான் அவளைப் பார்த்தேன். ஆக அது தன் படம் என்று இவளுக்கு முதல் நாளே தெரியும். வட்டிலப்பம் கொண்டுவந்த அன்றைக்கும் தெரியும். என் முதுகைத் தடவியபோதும் தெரியும்.

"சொல்லல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவளுடைய தோள் தளர்ந்தது. உம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை ஆறுதலாக முழுவதும் குடித்தாள். போகும்போது, "நீல நிறத்துக்கு ஐஸ் கட்டி வெச்சா நல்லம். முதல் நாள்தான் நோவு கூட" என்றாள். அவளை வெறுக்கத்தான் நினைத்தேன். அவள் வலது கையை மடக்கி வைத்தபடி இடது கையால் வாசல் நிலையைப் பிடித்து மெதுவாக இறங்கினாள், அதனால் அதுவும் முழுதாக வரவில்லை.

பின்னேரம் நஸ்ஹா மேல் தட்டிலிருந்து இறங்கி வந்தாள். என் காலடியில் இருந்து நிறைய அழுதாள். "என்னாலதான் ராத்தா, எல்லாம் என்னாலதான்" என்றாள். அழுது முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். என் மேல்கையில் அவளுடைய பார்வை நின்றது. விரல் பதிந்த இடத்தில் ஓரம் கறுப்பு, நடுவில் நீலம், உள்ளே சிவப்பு இன்னும் மாறவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கதவைப் பார்க்கப் போகிறவளின் பார்வை.

"கீறப்போறியா?" என்று கேட்டேன்.

அவளுடைய சட்டைப் பையில் பேனை இருந்தது.

"கீறு. ஆனா இந்த முறை முகத்தோட கீறு. இது நான்தான் எண்டு தெரியட்டும். எல்லாற்ற முகமும் போடு."

அவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். "முகம் கூடாது ராத்தா. அது ஒங்களுக்குத் தெரியும்தானே."

வெயில் ஜன்னலால் வந்து பூக்களின் நிழல் நிலத்தில் விழுந்திருந்தது, ஒன்று மட்டும் தலைகீழாக. அவள் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து இருந்துகொண்டாள்.

"கைய மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன்.